நேற்று என்ன சமையல்?

எங்கள் பதிவேட்டில் ஆறாவது கட்டத்தின் தலைப்பு 'கடைசியாக உண்டது'. திருகோணமலையில் ஒரு மிருக வைத்தியரிடம் உதவியாளராகச் சேர்ந்த முதல் வருடம் முழுக்க அந்தக் கட்டத்தில் நான் எழுதியவை இரண்டே சொற்கள்: வீட்டுச் சாப்பாடு. நாயைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் "என்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்பேன். "விசேஷமாக ஒன்றும் இல்லைப் பிள்ளை, நாங்கள் சாப்பிட்டதுதான்" என்பார்கள். எழுதிவிட்டு வெப்பமானியைத் தேடப் போய்விடுவேன்.

அந்தப் பதிலுக்குள் எவ்வளவு ஒளிந்திருக்கிறது என்பதை எனக்குக் காட்டியது ஒரு சீனிச் சம்பல் போத்தல்.

உவர்மலைப் பக்கமிருந்து ஓர் அம்மா ஓட்டோவில் வந்தார். மடியில் ஏழு கிலோகூட வராத வெள்ளை நாய். இரண்டு நாளாக எழும்பவில்லை, மூத்திரம் தேத்தண்ணீர் நிறத்தில் போகிறது என்றார். டொக்டர் அதன் மேலுதட்டை விரலால் தூக்கினார். சுகமான நாயின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். அழுத்தினால் வெளிறி, இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்பும். இதன் ஈறு அழுத்துவதற்கு முன்பே நனைந்த கடதாசி போலக் கிடந்தது. டொக்டர் என் பதிவேட்டை ஒருமுறை பார்த்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவின் பக்கம் திரும்பி, ஏதோ விருந்துக்கு வரப்போகிறவர் போல, "உங்கள் வீட்டில் காலையில் என்ன சாப்பாடு?" என்றார்.

"பாணும் சீனிச் சம்பலும்தான் ஐயா. வெறும் பாணை இது முகர்ந்துகூடப் பார்க்காது. மாசிக் கருவாட்டு வாசம் அடித்தால்தான் தின்னும்."

சீனிச் சம்பல் என்றால் வேறென்ன, வெங்காயம்தானே. கிலோக்கணக்கில் வெங்காயத்தை எண்ணெயில் வதக்கிச் சுண்டவைத்து, மாசியும் சீனியும் சேர்த்துக் கிளறியது. மகள் கொழும்பிலிருந்து கொண்டுவந்த பெரிய போத்தலில் பாதி, ஒரு வாரத்தில் அந்த நாயின் வயிற்றுக்குள் போயிருந்தது. வெங்காயத்திலும் உள்ளியிலும் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அவித்தாலும் பொரித்தாலும் அந்தக் குணம் போகாது. நாயின் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் ஒரே தடவையில் உள்ளே போனாலே இரத்தத்தில் மாற்றம் தெரியும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் பாதிப்பு சேர்ந்துகொண்டே வரும். தின்ற அன்று நாய் வாலை ஆட்டிக்கொண்டு திரியும். சில நாள் கழித்துத்தான் விழும். அதற்குள் வீட்டில் எல்லோருக்கும் தின்றது மறந்துபோயிருக்கும்.

நாய் பிழைத்துக்கொண்டது. அந்த அம்மா மட்டும் "என் கையாலேயே கொடுத்தேனே" என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே போனார்.

அன்று மாலை ஊசிக் குப்பிகளை அடுக்கும்போது டொக்டர் சொன்னார்: "என்ன கொடுத்தீர்கள் என்று நீர் கேட்கிறது பொலிஸ் விசாரணை மாதிரி இருக்கிறது. சமையலைக் கேளும். சமையலைப் பற்றிப் பேசாத ஆள் இந்த ஊரில் இல்லை."

கேட்கத் தொடங்கினேன். 'நேற்று என்ன சமையல்?' என்றதும் முகங்கள் இளகும். கோழிக் குழம்பு என்றால், எலும்பு எங்கே போனது என்பது அடுத்த கேள்வி. வெந்த எலும்பு கூராகச் சிலும்பிக் குடலைக் கிழிக்கும். இறைச்சிக் கொழுப்பை வெட்டிப் போட்டதாகச் சொன்னால், நாய் முதுகை வளைத்துக்கொண்டு வாந்தியெடுப்பதற்குக் கணையம் வீங்கியிருப்பது காரணமாக இருக்கலாம்.

சமையலில் அகப்படாதவையும் உண்டு. யூலை, ஓகஸ்ட் மாதங்களில் வெளிநாட்டு உறவினர்கள் வந்து இறங்குவார்கள். ஆகவே இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொண்டேன்: "வீட்டுக்கு யாராவது வந்திருக்கிறார்களா?" பயணப்பெட்டி திறந்தால் சொக்லேட் வரும். பால் சொக்லேட்டில் கிராமுக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் தியோபுரோமின், அதாவது நாய்க்கு நஞ்சான சேர்மம், இருக்கிறது; கறுப்பில் 5 மில்லிகிராம் அளவில். பத்துக் கிலோ நாய் 100 கிராம் பால் சொக்லேட் தின்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராம். வாந்தி, பதற்றம் என்று தொடங்கும். அதே அளவு கறுப்பு என்றால் 50. இதயத் துடிப்பே தடுமாறும். எனவே சொக்லேட் சுற்றியிருந்த தாளையும் கொண்டுவரச் சொல்கிறேன். பதிவேட்டின் கடைசிப் பக்கம் இப்போது இந்தக் கூட்டல் பெருக்கலால் நிறைந்திருக்கிறது.

அத்தைமாரின் கைப்பை இன்னும் பொல்லாதது. சீனி இல்லாத சூயிங்கத்தில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டோல், கிலோவுக்கு 0.1 கிராம் போதும், அரைமணி நேரத்துக்குள்ளேயே நாயின் இரத்தச் சீனியைக் கீழே தள்ளிவிடும். அளவு கூடினால் ஈரலும் கெடும். மனிதருக்கு அது ஒன்றும் செய்யாது என்பதால் யாருக்கும் சந்தேகமே வராது.

கிறிஸ்மஸ் கேக்கில் நாம் பிளம்ஸ் என்கிற உலர்ந்த முந்திரிகைப்பழம், அதாவது உலர் திராட்சை, சிறுநீரகத்தைத் தாக்கும். ஒரு நாய் ஒரு பிடி தின்றும் சும்மா இருக்கும், இன்னொன்று சிலதிலேயே சரிந்துவிடும். காரணம் நெடுங்காலம் பிடிபடாமல் இருந்தது. 2021இல் அமெரிக்க மிருக வைத்தியர்கள் சிலர் டார்டாரிக் அமிலத்தைச் சுட்டினார்கள். அந்த அமிலம் பழப்புளியிலும் நிறைய இருக்கிறது. இதை டொக்டர் சொன்ன நாளிலிருந்து என் வீட்டு நாய்க்குப் புளிவிட்ட மீன்குழம்பு இல்லை.

கடற்கரை நாய்கள் தனிக் கதை. திருக்கடலூரில் வலை உதறும் இடத்தில் அவை வரிசையாக உட்கார்ந்திருக்கும். வேண்டாமென்று எறிகிற பேத்தை மீனில் உள்ள நஞ்சுக்கு மாற்று மருந்தே இல்லை. சமைத்தாலும் அது அழியாது. தூண்டில் முள்ளை விழுங்கிய நாய்களும் வரும். வாயிலிருந்து தூண்டில் நரம்பு தொங்கினால் இழுக்கக் கூடாது. இழுத்தால் உள்ளே முள் இன்னும் ஆழமாக ஏறும். அவசரத்தில் யாருக்கு அந்தப் பொறுமை வருகிறது? சோற்றுப்பொதி சுற்றுகிற, குழம்பு ஊறிய லஞ்ச் ஷீட்டை நாய் அப்படியே விழுங்கிவிடும். கோட்டைக்குள் திரியும் மான்களே குப்பையைக் கிளறுகிற இந்த ஊரில் நாயை மட்டும் குறைசொல்லி என்ன பயன்?

எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்றுதான்: உப்புத் தண்ணீர். வாந்தியெடுக்க வைக்கிறோம் என்று கரைத்து ஊற்றி, நஞ்சோடு உப்பையும் ஏற்றிக் கொண்டுவருவார்கள். உப்பே நாயைக் கொல்லும். தின்று இரண்டு மணி நேரத்துக்குள் வந்தால் வாந்திக்கு எங்களிடமே ஊசி இருக்கிறது.

சோற்றை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. நிலாவெளிக்கு வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, நாய்க்குச் சோறு போடுவது கொடுமை என்று எங்களிடம் சண்டைக்கு வந்தாள். மாப்பொருளைச் செரிக்கும் மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு கூடுதல் என்று 2013இல் வெளியான ஆய்வு ஒன்றை டொக்டர் அவளுக்குப் பொறுமையாக விளக்கினார். மனிதனோடு வாழ்ந்து வந்த வழி அது. சோற்றில் பிழை இல்லை. அதன்மேல் ஊற்றுகிறதைத்தான் பார்க்கவேண்டும்.

எங்கள் வீட்டில் அம்மாவிடம் இதையெல்லாம் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். வெங்காயம் போடுவதற்கு முன்பே மீன் துண்டை உப்பில்லாமல் அவித்து எடுத்து, குசினிப் படியில் உட்கார்ந்து விரலால் முள்ளைத் தடவித் தடவி எடுப்பார். எடுத்த முள்ளை ஓலைப்பெட்டியில் போட்டு மூடுவார். ஜிம்மி அவர் முழங்காலில் தாடையை வைத்துக் காத்திருக்கும்.

போன கிழமை வேலை முடிந்து வந்தபோது ஜிம்மியின் மூக்கில் மஞ்சளாக எண்ணெய் மினுங்கியது.

"இன்றைக்கு என்ன சமையல், அம்மா?"

"நாயைப் பற்றிக் கேட்கிறாயா, என்னைப் பற்றிக் கேட்கிறாயா?" என்றார், அடுப்பைப் பார்த்தபடியே.