சத்தமில்லாம அழுத புள்ள

2022 மழைக்காலம், ஒரு ராத்திரி பர்மாவுல ஐராவதி பக்கம் இருக்கற பியாப்பொன் பக்கத்து கிராமத்துலேர்ந்து சித்தி மக போன் போட்டா. அக்கா, புள்ள அழுவுறான், மொகம் செவந்து போற அளவுக்கு வாய தெறந்து அழுவுறான், ஆனா சத்தமே வரலக்கான்னா. புள்ளைக்கு அப்ப ரெண்டரை மாசம். மூச்சு வேற வேகமா வாங்குதாம், பால் குடிக்க மாட்டேங்குதாம். ஊரு சயாமாவ, அதான் நர்சம்மாவ, கூப்புடுடின்னேன். சயாமா எங்க இருக்காங்க, 2021 பிப்ரவரியில ராணுவம் ஆட்சிய புடிச்சதும் அத எதுத்து மொதல்ல வேலைய விட்டு எறங்குனது ஆஸ்பத்திரிக்காரங்கதான், அங்க சப்சென்டர், ஊரு சின்ன ஆஸ்பத்திரி, அன்னையிலேர்ந்து பூட்டித்தான் கெடக்கு. எனக்கு அவங்க மேல கோவம் வரல, யாருக்காக எறங்குனாங்கன்னு தெரியும்ல.

விடிஞ்சதும் படகு, அப்புறம் பஸ்ஸுன்னு ரங்கூன் வந்து சேர மத்தியானம் தாண்டிருச்சு. வழியில செக்போஸ்ட்டுல நிறுத்தி மப்பொன்டின், அதான் அடையாள கார்டு, கேட்டிருக்காங்க, தங்கச்சி வீட்டுக்காரருக்கு அது கெடையாது, 1982 குடியுரிமை சட்டத்துக்கு அப்புறம் பர்மாவுல நம்ம தமிழ் ஆளுங்கள்ல எத்தனை பேர் ஒழுங்கான கார்டு இல்லாமயே அலையுறாங்க, கடைசியில காசு குடுத்துதான் தாண்டுனாங்க.

டாக்டரம்மா நெஞ்சுல குழாய வெச்சு கேட்டாங்க, வயித்த அமுக்கி ஈரல பாத்தாங்க, அப்புறம் தாய பாத்து திரும்பி, நீ என்னம்மா சாப்புடுறன்னு கேட்டாங்க. சோறு, கருவாடு, கொஞ்சம் ஙப்பி (புளிக்க வெச்ச மீன் விழுது), பச்சைத்தேயிலை தண்ணி. பத்தியம்னு வேற ஒண்ணும் குடுக்கலயாம். வந்தது பெரிபெரி, வைட்டமின் B1 இல்லாம வர்ற நோய். வெள்ளையா தீட்டுன அரிசியில B1 சத்து கொறைவு, இருக்கறதும் கஞ்சி வடிக்கும்போது போயிரும், ஙப்பியும் தேயிலையும் மிச்சத்தையும் கெடுத்துரும். தாய் ஒடம்புல இல்லாதது பால்ல எப்படி வரும், புள்ளைக்கு இதயம் வீங்கி தொண்டை அடைச்சு போச்சு. (எங்க வீட்ல வடிச்ச கஞ்சி மாட்டுக்குத்தான் போவும், மாடு நல்லாத்தான் இருந்துச்சு!)

ஒரு B1 ஊசி போட்டாங்க. விலை ஒரு வேளை மொஹிங்கா, அந்த மீன் கொழம்பு நூடுல்ஸ், காசு கூட இருக்காது. ராத்திரிக்குள்ள மூச்சு எறங்கிருச்சு, சத்தம் வரத்தான் சில நாள் ஆச்சு.

2014 சென்சஸ்ல லட்சம் பிரசவத்துக்கு 282 தாய்மார் சாவுன்னு நாட்டு கணக்கு வந்துச்சு, ஐராவதியில மட்டும் 354. அடுத்து வந்த 2015-16 சர்வேயில ரொம்ப ஏழை வீட்டு புள்ளைங்கள்ல 100க்கு 38 பேர் வளர்த்தி கொறைஞ்சவங்க, வசதியான வீட்ல 16. இது ரெண்டும் ராணுவம் வர்றதுக்கு முன்னாடி எடுத்தது, இப்ப எண்ணி பாக்க யாரு இருக்கா.

ஊருக்கு திரும்பி போனதும் தங்கச்சிக்கு அவ மாமியார் பயறும் முட்டையும் குடுக்குறாங்களாம். அத சொல்லிட்டே போன்ல கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க, அப்புறம் சொன்னாங்க, எதுத்த வீட்டு புள்ள போன வருஷம் இப்படித்தாம்மா சத்தமில்லாம அழுதுச்சு, காத்து அடிச்சிருச்சுன்னு மந்திரிக்கத்தான் தூக்கிட்டு போனோம்.