சிற்றலை வானொலிக்கு வெளிக் கம்பி: வேலை நாட்குறிப்பு

ஜனவரி 6

வெளியே ஆன்டெனாவாகக் கட்டப்போகும் கம்பியை வாங்கும் முன் இரைச்சலைத் தேட வேண்டும். வானொலியை பேட்டரியில் ஓட்டி, 49 மீட்டர் பட்டையில் (5900–6200 கிலோஹெர்ட்ஸ்) நிலையம் இல்லாத ஓர் இடத்தில் நிறுத்தி, வீட்டை உள்ளும் வெளியுமாக மெதுவாகச் சுற்றி வரலாம். செல்போன் சார்ஜர், எல்இடி பல்பு, டிவி, மோடம் இவற்றின் பக்கத்தில் கரகரப்பு ஏறும். மெயின் சுவிட்சை அணைத்ததும் அடங்கினால் மூலம் வீட்டுக்குள்தான். சுவரை விட்டுச் சில மீட்டர் விலகினாலே பெரும்பாலும் இரைச்சல் சட்டென்று இறங்கும். கம்பிக்கான இடம் அதுதான். உயரமும் நீளமும் அப்புறம்.

ஜனவரி 7

0.75 சதுர மி.மீ. பல இழைச் செம்புக் கம்பி, 10 மீட்டர். பிளாஸ்டிக் உறையை உரிக்க வேண்டாம். அது அலையைத் தடுக்காது, செம்பில் களிம்பு ஏறாமலும் காக்கும். 30 மீட்டர் இழுக்க ஆசை வரும். கையடக்கப் பெட்டியின் முன்சுற்று (சிக்னலை முதலில் வாங்கும் மின்சுற்று) சிறு ஏரியலுக்காகச் செய்தது, அவ்வளவைத் தாங்காது.

முனைகளில் பீங்கான் இன்சுலேட்டர் அல்லது பிவிசி குழாய்த் துண்டு, பாலியஸ்டர் கயிறு. மரத்தில் கட்டும் முனைக்குக் கப்பி போட்டு, கயிற்றில் ஒரு எடையைத் தொங்கவிட்டால் மரம் ஆடினாலும் கம்பி அறாது. இன்சுலேட்டரில் கம்பியை வெட்டி ஒட்டுப் போடாமல், அதே கம்பியை மடித்துக் கட்டிக் கீழே இறக்குவது நல்லது. மழையில் முதலில் கெடுவது ஒட்டுதான்.

மின்கம்பிக்கு மேலேயோ கீழேயோ கொண்டுபோகவே கூடாது. அறுந்து எந்தப் பக்கம் விழுந்தாலும் அதைத் தொடாத தூரம் வேண்டும்.

ஜனவரி 9

முதலில் முதலைக் கிளிப்பால் ஏரியலிலேயே மாட்டிச் சோதனை. ஒப்பிட 5000, 10000, 15000 கிலோஹெர்ட்ஸ் நேர சமிக்ஞைகள் வசதி. சிக்னல் முள் நன்றாக ஏறுகிறது, கூடவே இரைச்சலும். முள்ளை நம்பக் கூடாது. பேச்சு தெளிகிறதா என்பதே அளவு. ஜன்னலிலிருந்து மேசை வரை வரும் கம்பியும் ஆன்டெனாதான், வீட்டுக் கரகரப்பை அந்தத் துண்டுதான் வாரிக்கொள்கிறது. அதற்குப் பதில் கோஆக்சியல் கேபிள் (நடுக்கம்பியைச் சுற்றி உலோக வலை போர்த்திய கேபிள்) வேண்டும்.

ஜனவரி 13

கம்பியின் அடியில், வெளியே, கம்பியைக் கேபிளோடு பொருத்தும் 9:1 மின்மாற்றி (மின்மறுப்பு விகிதம்). 43 வகை ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையம் (எஃப்டி114-43), எனாமல் கம்பி. கம்பிப் பக்கம் 12 சுற்று, கேபிள் பக்கம் 4 சுற்று. வளையத்தின் துளைக்குள் ஒருமுறை நுழைந்தாலே ஒரு சுற்று. 12 சுற்றின் ஒரு முனை ஆன்டெனாவுக்கு, மறுமுனை மண்ணில் அடிக்கும் எர்த் கம்பிக்கு. 4 சுற்று கேபிளின் நடுக்கம்பிக்கும் வலைக்கும். இரண்டு சுருள்களும் எங்கும் தொடக் கூடாது. தொட்டால் வலையின் வழியே வீட்டு இரைச்சல் ஆன்டெனாவுக்கு ஏறிவிடும். செய்த வேலைக்கே அர்த்தமில்லாமல் போகும். எனாமலைச் சுரண்டாமல் சால்டர் வைத்தால் ஒட்டியதுபோல் தெரியும், மின்தொடர்பு இருக்காது. மல்டிமீட்டரால் பார்த்துவிடுவது உத்தமம்.

வானொலிப் பக்கம் 3.5 மி.மீ. மோனோ பிளக். அதற்கு முன், வலையின் வழியே வரும் இரைச்சலை அடக்க, மெல்லிய ஆர்ஜி-174 கோஆக்சியல் கேபிளை 31 வகை ஃபெரைட்டில் ஐந்தாறு சுற்று சுற்றியாயிற்று.

ஜனவரி 14

செம்பு பூசிய எர்த் கம்பி, ஒரு மீட்டருக்கு மேல், ஈரமான மண்ணில். மின்மாற்றியிலிருந்து இணைப்பு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. சுவர் பிளக்கின் எர்த்தை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, கரகரப்பு அதன் வழியாகவே வரும்.

ஜனவரி 20

இரவில் 41 மீட்டர் பட்டையில் ஒரே நிலையம் பல இடங்களில் கேட்கிறது, மத்திய அலை நிலையங்களும் அடியில் முணுமுணுக்கின்றன. இது முன்சுற்று திணறுவதன் அடையாளம். சிக்னலைக் குறைக்கும் லோக்கல் சுவிட்சைப் போட்டதும் பட்டை சுத்தமாகிறது. அந்த வசதி இல்லாத பெட்டிக்கு ஒரு கிலோ-ஓம் வால்யூம் கண்ட்ரோலைக் கேபிளின் கடைசியில் வைத்துக் குறைக்கலாம். 455 கிலோஹெர்ட்ஸ் இடைநிலை அதிர்வெண் (பெட்டிக்குள் சிக்னலை மாற்றும் அதிர்வெண்) கொண்ட பழைய பெட்டிகளில் சரியாக 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிழல் நிலையம் தோன்றும். அதற்கும் சிக்னலைக் குறைப்பது உதவும்.

ஜனவரி 27

காற்றிலும் மழையிலும் கம்பியில் சேரும் நிலை மின்சாரத்தை 12 சுற்றுச் சுருள் எர்த்துக்கு இறக்கிவிடும். மின்மாற்றி இல்லாமல் நேராக மாட்டுவோர் பிளக்கின் முனைக்கும் உடலுக்கும் இடையே எதிரெதிராக இரண்டு 1என்4148 டயோடு வைத்தால் முன்சுற்று டிரான்சிஸ்டர் பிழைக்கும். இவை எதுவும் இடிக்குக் காப்பு அல்ல. மேகம் கூடத் தொடங்கும் முன்பே கேபிளைக் கழற்றி முனையை வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். இடி கேட்ட பிறகு அதைத் தொடக் கூடாது. ஜன்னலுக்கு முன் கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு ஏற்றினால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.