தம்பியின் நாடி: ஜூன் மாதக் குறிப்புகள்

ஜூன் 3
தம்பிக்குக் காய்ச்சல் விட்டு 6 நாள். டெங்கு இல்லை என்று இரத்தப் பரிசோதனை சொன்னதோடு வீட்டில் எல்லோருக்கும் பயம் போய்விட்டது. இன்று மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தவன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். 22 வயது, வெள்ளவத்தைக் கடற்கரையில் பின்னேரம் முழுக்கப் பந்து அடிக்கிற பிள்ளை. "களைப்புத்தான் அக்கா" என்றான். அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்.

ஜூன் 4
நெஞ்சு இறுக்குகிறதாம். பக்கத்துக் கிளினிக்கில் கேஸ்ட்ரிக் என்று மாத்திரை தந்து அனுப்பினார்கள். கையைப் பிடித்து நாடி பார்க்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை. வீட்டில் நானே மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன்: நிமிடத்துக்கு 118. உடம்பில் சூடு இல்லை, படுத்துத்தான் இருக்கிறான். பிறகு ஏன் இந்த ஓட்டம்? இரவு 1990க்கு அழைத்தோம். சுவசெரிய அம்புலன்ஸ் வந்தது.

ஜூன் 5
ஆஸ்பத்திரியில் ஈசிஜியைப் பார்த்ததும் மாரடைப்போ என்றுதான் டொக்டர்களும் பயந்தார்கள். இரத்தத்தில் ட்ரோபோனினும் கூடியிருந்தது. இதயத் தசைக்குள் இருக்க வேண்டிய புரதம் அது. தசை காயப்பட்டால் இரத்தத்தில் கசியும். ஆனால் எதனால் காயம் என்று அது சொல்லாது. மாரடைப்பென்றால், அடைபட்ட இரத்தக் குழாய் ஊட்டும் பகுதியில்தான் பெரும்பாலும் ஈசிஜி மாறும். இவனுக்குப் பல பகுதிகளில் மாறியிருந்தது. இதயத்தின் இரத்தக் குழாய்களைப் படம் பிடிக்கும் அஞ்சியோகிராம் செய்தார்கள். குழாய்கள் சுத்தம். அதன் பிறகுதான் 'மயோகார்டைட்டிஸ்', அதாவது இதயத் தசை அழற்சி, என்ற சொல்லையே கேட்டேன்.

ஜூன் 6
எக்கோ என்ற இதய ஸ்கானில், இதயம் இரத்தத்தைத் தள்ளும் அளவு 42 சதவீதம். 55க்கு மேல் இருக்க வேண்டுமாம். டொக்டர் பாதி சிங்களத்திலும் பாதி ஆங்கிலத்திலும் விளக்கினார். அம்மாவுக்கு நான் தமிழில் சொல்ல வேண்டும். 'இதயத் தசை அழற்சி' என்றால் அம்மாவுக்கு விளங்காது. "புண்ணைச் சுற்றிச் சிவந்து வீங்குமே, அப்படித்தானம்மா, இதயத்தின் இறைச்சியில்" என்றேன். காய்ச்சலைக் கொண்டுவந்த வைரஸும், அதை விரட்டப் போன உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்து தசையைத் தாக்கியிருக்கின்றன. கொக்சாக்கி, இன்ஃப்ளுவென்சா, கொரோனா, ஏன், டெங்குவும்கூட இதைச் செய்யுமாம். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "மாறுமா?" பெரும்பாலானவர்களுக்கு மாறும் என்றார் டொக்டர்.

ஜூன் 9
எம்ஆர்ஐ. மாரடைப்பின் தழும்பு இதயச் சுவரின் உள்பக்கத்திலிருந்து தொடங்குமாம். இவனுக்கு வெளிப்பக்கத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. நீர்வீக்கமும் இருந்தது. தசையில் துணுக்கு எடுத்துப் பார்த்தால்தானே உறுதி என்று கேட்டேன். ஆமாம், ஆனால் அழற்சி திட்டுத்திட்டாக இருப்பதால் நோயில்லாத இடத்தில் துணுக்கு எடுபட்டால் அதுவும் தவறிப்போகும்; இவன் தேறி வருவதால் அந்த ஆபத்து இப்போது வேண்டாம் என்றார். எந்த ஒரு பரிசோதனையும் தனியாகச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பிடித்தார்கள்.

ஜூன் 14
வீட்டுக்கு வந்துவிட்டான். நாடி 84. குறைந்தது 3 மாதம், தேவைப்பட்டால் 6 மாதம் பந்தைத் தொடக் கூடாது. தசை ஆறாமல் ஓடினால் இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாமாம். அதைக் கேட்ட பிறகு அவன் வாதாடவில்லை. மாடிப்படிதான் பிரச்சினை. கீழ் அறையை ஒரு மாதத்துக்குத் தருகிறேன் என்று வீட்டுக்கார அம்மா தானாகவே சொன்னார். நாளை காலையில் அவனுடைய கட்டிலை இறக்க வேண்டும்.