அடுக்குமாடி வீட்டில் சைக்கிளுக்கு ஓர் இடம்

அடுக்குமாடிக் குடியிருப்பில் சைக்கிளை எங்கே வைப்பது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, அதை எவ்வளவு அடிக்கடி ஓட்டுவீர்கள் என்பதைத்தான். பெரியவர்களுக்கான சைக்கிள் ஏறக்குறைய 1.8 மீட்டர் நீளமும், ஹேண்டில்பார் நேரானதாக இருந்தால் 60 முதல் 75 செ.மீ. வரை அகலமும் உடையது. அதற்கு வீட்டில் எப்படியாவது ஓர் இடத்தை ஒதுக்கிவிடலாம். ஆனால் அங்கிருந்து தெருவுக்குக் கொண்டுவர எத்தனை கதவுகளையும் படிகளையும் கடக்க வேண்டியிருக்கிறது என்பதே அந்த சைக்கிள் ஓடுமா, தூசி படிந்து நிற்குமா என்பதைத் தீர்மானிக்கிறது.

தினமும் ஓட்டும் சைக்கிள் தரையில், வாசலுக்கு அருகில் நிற்க வேண்டும் என்பது என் கருத்து. சுவர்க்கொக்கிகள் படங்களில் அழகாகத் தெரிந்தாலும், 15 கிலோ எடையைக் காலை அவசரத்தில் தூக்கி இறக்கும் வேலை விரைவில் அலுத்துவிடும். எப்போதாவது ஓட்டும் சைக்கிளுக்கோ அதே கொக்கி மிகவும் பொருத்தமானது. முன்சக்கரத்தை மேலே மாட்டிச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் தரையில் நீளம் மிச்சமாகும். ஆயினும் ஹேண்டில்பார் சுவரிலிருந்து ஒரு மீட்டர் அளவுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் என்பதை முன்கூட்டியே அளந்து பார்ப்பவர்கள் குறைவு. இரண்டு சைக்கிள்களை அருகருகே தொங்கவிடும்போது ஒரு கொக்கியைச் சற்று உயர்த்தி அடித்தால் ஹேண்டில்பார்கள் ஒன்றோடொன்று இடிக்காது. செங்கல், கான்கிரீட் சுவர்களில் ஆங்கர் போல்ட் உறுதியாகப் பிடிக்கும். உள்ளே வெற்றிடமுள்ள தடுப்புச்சுவராக இருந்தால், அதன் உள்ளிருக்கும் சட்டத்தைக் கண்டுபிடித்து அதில்தான் திருக வேண்டும். சுவரைத் துளைக்க அனுமதியில்லாத வாடகை வீட்டில், தரைக்கும் கூரைக்கும் இடையே இறுக்கி நிறுத்தும் கம்பம் உதவும். திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் உள்ள சைக்கிளைத் தொங்கவிட்டு இறக்கியபின் பிரேக் லீவர் தளர்வாகத் தோன்றினால், பிரேக் அமைப்புக்குள் ஏற்கெனவே காற்று இருந்திருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் ஓட்டக் கூடாது.

இடம் மிகக் குறுகலாக இருந்தால் சைக்கிளின் அகலத்தைக் குறைக்கலாம். மடக்கு பெடல்களைப் பொருத்தி, ஹேண்டில்பாரைத் தளர்த்தி சைக்கிளின் சட்டத்துக்கு இணையாகத் திருப்பி வைத்தால், மெலிந்த பலகையைப் போல அது சுவரோடு ஒட்டி நிற்கும். ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் நேராக்கி இறுக்கியாக வேண்டும் என்பதால், இதுவும் அரிதாக ஓட்டுபவர்களுக்கான வழிதான். லிஃப்ட் சிறியது, தினமும் ஓட்டியும் ஆக வேண்டும் என்றால், 16 அல்லது 20 அங்குலச் சக்கரமுள்ள மடக்கு சைக்கிளைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வீட்டு வாசலுக்கு வெளியே உள்ள பொது நடைபாதையிலும் மாடிப்படியிலும் நிறுத்துவதை நான் ஒருபோதும் ஆதரிப்பதில்லை. தீப்பற்றினால் புகைக்குள் தடவிக்கொண்டு வெளியேறுபவர்களின் வழி அது. மின்சார சைக்கிள் என்றால் இன்னும் கவனம் தேவை. லித்தியம் பேட்டரியை வெளியேறும் வழியில் வைத்தோ, அனைவரும் உறங்கும் நேரத்திலோ சார்ஜ் செய்யக் கூடாது. அதற்கென வந்த சார்ஜரையே பயன்படுத்த வேண்டும். உப்பிப்போன பேட்டரியைத் தொடர்ந்து உபயோகிக்கவே கூடாது. நீண்ட நாள் ஓட்டப்போவதில்லை என்றால் ஏறக்குறைய பாதி சார்ஜில், வெயில் படாமல் வைப்பது நல்லது.

அடித்தள நிறுத்துமிடம் வாசலில் பூட்டு இருப்பதாலேயே பாதுகாப்பானது என்று நம்புவது தவறு. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் திருடனுக்கு நேரம் தாராளமாகக் கிடைக்கும். சட்டத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்து, தரையில் பதிக்கப்பட்ட கம்பியோடு யூ வடிவப் பூட்டால் பூட்டுவதே முறை. முன்சக்கரத்தை மட்டும் கவ்விப் பிடிக்கும் ஸ்டாண்டில் சைக்கிள் சாய்ந்தால் ரிம் வளைந்துவிடும். தலைகீழ் யூ வடிவக் கம்பியே மேல். ஈரமான அடித்தளத்தில் காற்றுப் புகாத உறையால் மூடினால் துரு இன்னும் விரைவாகப் பிடிக்கும்.

பொது நிறுத்துமிடத்தில் இடமில்லை என்ற புகார் எழும்போது, புதிய ஸ்டாண்டு வாங்குவதற்கு முன் அங்கே நிற்பவற்றில் எத்தனைக்கு உரிமையாளர் இருக்கிறார் என்று குடியிருப்போர் சங்கம் பார்க்க வேண்டும். வீடு மாறிப் போனவர்களும் வளர்ந்துவிட்ட பிள்ளைகளும் விட்டுச்சென்ற, டயர் தட்டையான சைக்கிள்கள் எங்கும் உண்டு. ஒவ்வொன்றிலும் தேதியிட்ட அட்டையைக் கட்டி, ஒரு மாத அவகாசம் கொடுத்து, அட்டை அவிழ்க்கப்படாதவற்றை அகற்றினாலே பல கட்டடங்களில் பிரச்சினை தீர்ந்துவிடும்.