சூலே பகோடா அருகே ஒரு கேமரா

மியன்மாரின் யாங்கோனில் சூலே பகோடாவைக் கடந்து காளி கோயிலுக்குப் போகும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு, அந்தப் பகோடாவின் அருகில்தான் 2007 செப்டம்பர் 27 அன்று ஜப்பானியச் செய்தியாளர் கெஞ்சி நாகாய் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பது நினைவிருக்கிறதோ தெரியவில்லை. ராணுவ ஆட்சிக்கு எதிரான பிக்குகளின் போராட்டத்தை ஒட்டி எழுந்த கொந்தளிப்பைப் படம்பிடித்துக்கொண்டிருந்த அவர், குண்டடிபட்டு மல்லாந்து விழுந்த பிறகும் கேமராவைக் கையிலிருந்து நழுவவிடவில்லை. நடைமேம்பாலத்தின் மேலிருந்து ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனப் புகைப்படக்காரர் அட்ரீஸ் லத்தீப் எடுத்த அந்தக் காட்சி 2008இல் புலிட்சர் பரிசு பெற்றது.

ஒருவருடைய சாவு இன்னொருவருக்கு விருதாகிறதே என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது தவறிப்பட்ட குண்டு அன்று, மிக அருகிலிருந்து சுடப்பட்டது என்பதை உலகம் அறிந்ததே அந்தப் படத்தாலும், உள்ளூர்க்காரர்கள் ஒளிந்து நின்று எடுத்தனுப்பிய காணொளியாலும்தான். நாகாயின் கேமராவோ 2023இல்தான் சகோதரியின் கைக்கு வந்தது.

மியன்மாரின் இன் டின் கிராமத்தில் பத்து ரோஹிங்கியா முஸ்லிம் ஆண்கள் கொல்லப்பட்டதைத் துப்பறிந்த ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் வா லோனும் ஜோ சோ ஊவும் 500 நாட்களுக்கு மேல் சிறையிலிருந்தார்கள்; அக்கொலைக்காகப் பத்தாண்டுத் தண்டனை பெற்ற ஏழு ராணுவத்தினரோ ஓராண்டுகூட நிறைவடையுமுன் வெளியே வந்துவிட்டார்கள். (கணக்கு எப்படி இருக்கிறது, பாருங்கள்!)

வெளிநாட்டுச் செய்தியாளருக்குத் திரும்பிச் செல்ல ஒரு விமானமாவது உண்டு. அவருக்கு வழிகாட்டி, மொழிபெயர்த்து, வண்டியும் ஓட்டும் உள்ளூர்ப் பையனுக்கு அதுவும் இல்லை. பாதுகாப்புக் கருதி, பல சமயம் செய்தியில் அவன் பெயரைக்கூடப் போட முடிவதில்லை.