ப்ராக்ரஸிவ் ப்ரெஸ் வாங்கப் போகிறீர்களா? வேகத்தை விடுங்கள், எங்கே சிக்குகிறது என்று பாருங்கள்

ஒருவழியாக எங்கள் வீட்டு கராஜில் ப்ரெஸ் (சுட்டு முடித்த பித்தளை ஓடுகளில் பவுடர், அதைப் பற்றவைக்கும் ப்ரைமர், குண்டு மூன்றையும் வைத்து மறுபடி தோட்டா செய்யும் மெஷின்) ஓட ஆரம்பித்துவிட்டது. நிம்மதிதான். ஆனாலும் இதை வாங்குவதற்குள் பட்ட எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அடங்கினால் பாதி மறந்துபோகும் என்பதால் இப்போதே எழுதிவைக்கிறேன்.

நான் இருப்பது டெக்ஸஸில், டாலஸ் பக்கம். யுஎஸ்பிஎஸ்ஏ என்ற அமெரிக்கத் துப்பாக்கி சுடும் அமைப்பின் போட்டிகளில் 9 மி.மீ. கைத்துப்பாக்கியுடன் கலந்துகொள்கிறேன். அதுவரை தோட்டா செய்தது சிங்கிள் ஸ்டேஜ் ப்ரெஸ்ஸில். ஒரே தோட்டாவுக்குக் கைப்பிடியை நாலு தடவை இழுக்க வேண்டும். போட்டிக்கும் பயிற்சிக்கும் வேண்டியதைச் செய்து முடிப்பதற்குள் வார இறுதி காணாமல் போய்விடும். ப்ராக்ரஸிவ் என்றால் ஓடுகள் மாட்டிய தட்டு சுழலச் சுழல எல்லா வேலையும் ஒரே நேரத்தில் நடக்கும், ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா விழும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா செய்ய மத்திய அரசின் உரிமம் வேண்டாம். விற்பதற்காகச் செய்தால் கட்டாயம் வேண்டும். உங்கள் மாநிலமும் ஊரும் தனியாக என்ன விதி வைத்திருக்கின்றன என்று பாருங்கள். வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தையும் ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள். இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து முயற்சி செய்ய வேண்டாம். அங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

சரி, எரிச்சல் எங்கே தொடங்கியது என்று சொல்கிறேன். முதலில் பழைய ப்ரெஸ் ஒன்று வாங்கலாம் என்றுதான் இறங்கினேன். ஒருவர் நல்ல ஐந்து ஸ்டேஷன் (ஒவ்வொரு வேலைக்கும் ஒரு இடம்) மெஷின் விற்பதாகச் சொன்னார். 9 மி.மீ.க்கு வேண்டியது எல்லாம் சேர்ந்திருக்கிறது என்று குறுஞ்செய்தியிலேயே உறுதி கொடுத்தார். வெயிலில் இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போனேன். ஷெல் பிளேட்டை, அதாவது ஓடுகளைப் பிடிக்கும் அந்தத் தட்டை, கழற்றிப் பார்த்தால் அது .45 ஏசிபி என்ற பெரிய தோட்டாவுக்கானது. ப்ரைமர் குழாய்கள் பெரிய ப்ரைமருக்கானவை. பவுடர் இறங்கும் புனலும் .45க்கானதுதான். "அதெல்லாம் சும்மா மாற்றிக்கொள்ளலாம்" என்றார். மாற்றலாம்தான், ஆனால் அந்தச் சாமான்களைத் தனியாக வாங்கினால் ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்தபோது அவர் கேட்ட விலையில் லாபமே இல்லை. விலையைக் குறைக்கவும் மாட்டேன் என்றார். வெறுங்கையோடு திரும்பினேன்.

இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள். பழைய ப்ரெஸ் பார்க்கப் போகும்போது நான்கு சாமான்களைத் தொட்டுப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்: ஷெல் பிளேட், ஓடு நழுவாமல் பிடிக்க அதோடு வரும் பித்தளைக் குமிழ்கள், ப்ரைமர் குழாயும் ப்ரைமரை அழுத்தி உட்காரவைக்கும் கம்பியும் (பன்ச்), பவுடர் புனல். டை (ஓட்டை அளவுக்குக் கொண்டுவரவும் குண்டைப் பொருத்தவும் மேலே திருகி மாட்டும் அச்சு) மட்டும் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, ஏனென்றால் பெரும்பாலான ப்ரெஸ்கள் ஒரே அளவு திருகுமரை உள்ள டைகளைத்தான் எடுக்கும். ஆனால் டில்லன் நிறுவனத்தின் ஸ்கொயர் டீல் பி அப்படி இல்லை. அது தன்னுடைய சொந்த டைகளை மட்டுமே எடுக்கும், அதிலும் கைத்துப்பாக்கித் தோட்டா மட்டும்தான் செய்யலாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்துவிட்டால் பிறகு ரைஃபிளுக்குப் போக வழியில்லை.

அடுத்து புதிதாகவே வாங்கலாம் என்று ஆராயத் தொடங்கினேன். எங்கே கேட்டாலும் முதலில் சொல்லப்படுவது "மணிக்கு இத்தனை". ஐந்நூறு என்பார்கள், எண்ணூறு என்பார்கள், ஆயிரமும் சொல்வார்கள். இந்த எண்ணைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ப்ரைமர் குழாய்களை முன்கூட்டியே நிரப்பி, ஓடுகளைக் கழுவிப் பிரித்து வைத்து, எதுவும் சிக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தால் வரும் எண் அது. நூறு ப்ரைமரைத் தனியாக ஒரு சின்னத் தட்டில் கொட்டி, குலுக்கி, ஒரே பக்கம் திருப்பி, குழாயால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்கும் நேரம் அதில் சேராது. சிக்கியதை எடுக்கும் நேரமும் சேராது.

சிக்கல் எப்போதும் வருவது ப்ரைமர் பக்கம்தான். கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ப்ரைமர் சிக்கிக்கொண்டால் இந்த மெஷினை எவ்வளவு எளிதாகப் பின்னோக்கிக் கொண்டுபோக முடியும்? எந்தக் கடையிலும் யாரும் இதைத் தானாகச் சொல்லவில்லை. க்ளப்பில் பல வருடங்களாகத் தோட்டா செய்துவரும் பெரியவர் ஒருவர்தான் தன் கராஜுக்கு அழைத்துக் காட்டினார். அவரிடம் இருந்தது தட்டு தானாகச் சுழலும் ஐந்து ஸ்டேஷன் மெஷின். ராணுவ ஓடு ஒன்று கலந்து வந்துவிட்டது. அந்த ஓடுகளில் ப்ரைமர் குழியின் விளிம்பு உள்ளே மடக்கப்பட்டிருக்கும், புது ப்ரைமர் நேராக இறங்காது. பாதி இறங்கிய ப்ரைமர் தட்டைப் பிடித்துக்கொண்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. அவர் அவசரப்படவே இல்லை. முதலில் ப்ரைமர் குழாயை எடுத்துத் தூர வைத்தார், பிறகு பவுடர் உள்ள ஓடுகளை எடுத்தார், அப்புறம்தான் தட்டைத் தொட்டார். இப்படிச் சிக்கும்போது பலம் போட்டு அழுத்தவே கூடாது. நசுங்கும் ப்ரைமர் வெடிக்கலாம். ஒன்று வெடித்தால் குழாயில் அடுக்கியிருப்பதும் சேர்ந்து வெடிக்க வாய்ப்புண்டு. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் ப்ரெஸ் முன்னால் உட்காராதீர்கள்.

அவர் மெஷினில் இன்னொன்றையும் கவனித்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் தட்டு டக்கென்று போய் உட்காரும். 9 மி.மீ. ஓடு குட்டை. அந்த அதிர்வில் கொஞ்சம் பவுடர் மேலே தெறித்து வெளியே விழுகிறது. தானாகச் சுழலும் ப்ரெஸ்களில் இது பரவலாக உள்ள தொல்லை. தட்டுக்கு அடியில் உள்ள ஸ்பிரிங்கைச் சரிசெய்து, கையையும் நிதானமாக விட்டால் பெருமளவு குறைகிறது. ஆனால் வாங்குமுன் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு பார்த்தபோது என் பட்டியல் சுருங்கியது. லீ நிறுவனத்தின் சிக்ஸ் பேக் ப்ரோ விலை குறைவு, ஆறு ஸ்டேஷன். பொறுமையும் திருகிச் சரிசெய்யும் ஆர்வமும் உள்ளவர்களுக்கு நல்ல தேர்வு. ஹார்னடி லாக் என் லோட் ஏபியில் டைகளை ஒரு திருப்பில் கழற்றி மாட்டலாம், அடிக்கடி காலிபரை, அதாவது தோட்டா அளவை, மாற்றுபவர்களுக்கு வசதி. டில்லனில் இரண்டு: ஆர்எல் 550சி, எக்ஸ்எல் 750. முதலாவதில் நான்கு ஸ்டேஷன், தட்டைக் கையால்தான் சுழற்ற வேண்டும். இரண்டாவதில் ஐந்து ஸ்டேஷன், தானாகச் சுழலும், ஓடுகளைத் தானாக எடுத்துக் கொடுக்கும் கேஸ் ஃபீடரும் மாட்டலாம்.

இங்கேதான் உண்மையான மனப் போராட்டம். கையால் சுழற்றும் ப்ரெஸ்ஸில், கவனம் சிதறி ஒரு தடவை சுழற்றாமல் இழுத்துவிட்டால் ஒரே ஓட்டில் இரண்டு மடங்கு பவுடர் விழும். துப்பாக்கியே வெடித்துவிடலாம். தானாகச் சுழலும் ப்ரெஸ்ஸில் அந்த ஆபத்து வெகுவாகக் குறைவு. தவிர, ஐந்தாவது ஸ்டேஷன் இருந்தால் பவுடர் அளவைக் காட்டும் பவுடர் செக் டைக்கும் இடம் கிடைக்கும். நான்கே ஸ்டேஷன் என்றால், குண்டை உட்காரவைப்பதையும் ஓட்டின் வாயை இறுக்கும் கிரிம்ப்பையும் ஒரே டையில் செய்தால்தான் அதற்கு இடம். மறுபக்கம், 550யில் சிக்கினால் தட்டைக் கையாலேயே பின்னால் திருப்பலாம், சின்னக் குமிழை உருவினால் எந்த ஓட்டையும் தனியாக எடுக்கலாம். எந்த ஓடு எந்த நிலையில் இருக்கிறது என்ற குழப்பம் வராது.

நான் 550சி எடுத்தேன். பவுடர் செக் டைக்குப் பதில் மூன்று ஏற்பாடுகள் செய்துகொண்டேன். ஒன்று, ஓட்டில் பாதிக்கு மேல் இடம் பிடிக்கும் பவுடரைத் தேர்ந்தெடுத்தேன். அது இரண்டு தடவை விழுந்தால் வழிந்து வெளியே கொட்டும், கண்ணுக்குத் தெரியாமல் போக வழியே இல்லை. இரண்டு, ப்ரெஸ் தலைக்கு அடியில் எல்இடி விளக்கு. குண்டை வைப்பதற்கு முன் ஒவ்வொரு ஓட்டுக்குள்ளும் பார்வை போயே ஆக வேண்டும். மூன்று, யாராவது கூப்பிட்டால் பாதியில் எழுந்திருக்க மாட்டேன். எழுந்தே ஆக வேண்டும் என்றால் தட்டில் உள்ள எல்லா ஓட்டையும் எடுத்துவிட்டுத்தான். பவுடரே விழாத தோட்டாவும் இதே அளவு ஆபத்து. ப்ரைமர் மட்டும் வெடித்துக் குண்டு குழலில் பாதியில் நின்றுவிடும், அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கலாம். மாதத்துக்குச் சில ஆயிரம் ஒரே காலிபரில் செய்பவர் என்றால் 750தான் சரி என்று நானே சொல்வேன்.

தேர்வு முடிந்தது, தொல்லை முடியவில்லை. ப்ரெஸ் வந்து சேர்ந்தது, அதை 9 மி.மீ.க்கு ஏற்ப மாற்றும் சாமான் பெட்டி மட்டும் வரவில்லை. ஊரின் மறுகோடியில் ஒரு கடையில் இருப்பு இருக்கிறது என்று தொலைபேசியில் சொன்னார்கள். போய் வாங்கி வந்து பிரித்தால் மேலே 9 மி.மீ. என்று லேபிள், உள்ளே வேறு எண் போட்ட ஷெல் பிளேட். மறுபடி போனேன். பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார் கவுன்டரில் இருந்தவர். பிரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டால் அதே பதிலைத் திரும்பச் சொன்னார். என் முறைக்குப் பின்னால் வரிசை நீண்டது. நான் நகரவில்லை. தயாரிப்பாளர் வெளியிட்ட அட்டவணையை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். எந்தக் காலிபருக்கு எந்த எண் பிளேட் என்று அதில் இருக்கிறது. மேலாளரைக் கூப்பிடச் சொல்லி அதைக் காட்டியதும் ஒரு நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தார். அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் இன்னொரு ஷெல் பிளேட்டுக்கும் பணம் போயிருக்கும். நீங்களும் அந்த அட்டவணையைப் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். கடையை விட்டு வெளியே வருமுன் கவுன்டரிலேயே பெட்டியைப் பிரித்து எண்ணைச் சரிபாருங்கள்.

மேசை பற்றி யாரும் போதுமான அளவு எச்சரிப்பதில்லை. ப்ரெஸ் பொருத்திய மேசை ஆடினால் ப்ரைமர் ஒரே ஆழத்தில் உட்காராது, பவுடர் அளவும் மாறும். நான் தடித்த பலகை போட்டு, சுவரோடு சேர்த்து போல்ட் அடித்தேன். அதன் பிறகுதான் தோட்டாக்கள் ஒரே சீராக வந்தன. இன்னொரு நுணுக்கம்: குண்டு உட்காரும் ஆழத்தைச் சரிசெய்யும்போது தட்டில் எல்லா ஸ்டேஷனிலும் ஓடு இருக்கட்டும். ஒரே ஓட்டை வைத்து அளவெடுத்தால், தட்டு நிறைந்ததும் நீளம் மாறிவிடும்.

செலவுக் கணக்கில் ப்ரெஸ் விலை ஒரு பகுதிதான். டைகள், மாற்றுச் சாமான், தராசு, நீளம் அளக்கும் காலிப்பர், முடிந்த தோட்டாவின் அளவைச் சரிபார்க்கும் கேஸ் கேஜ், ஓடுகளைச் சுத்தம் செய்யும் டம்ளர் மெஷின் எல்லாம் தனித்தனி. பவுடரும் ப்ரைமரும் கூரியரில் வந்தால் ஆபத்தான சரக்கு என்று தனிக் கட்டணம் விழும், அதனால் இரண்டையும் ஒரே ஆர்டரில் வாங்குங்கள். 2020 தட்டுப்பாட்டுக்கு முன்பு ஆயிரம் ப்ரைமர் முப்பது டாலர் அளவில் கிடைத்தது. அந்த விலையை வைத்து யாராவது லாபக் கணக்கு போட்டுக் காட்டினால் நம்பாதீர்கள். எனக்கு லாபம் வேறு மாதிரி. 147 கிரெய்ன் எடையுள்ள குண்டுக்கு, போட்டி கேட்கும் 125 பவர் ஃபேக்டரை (குண்டின் எடையையும் வேகத்தையும் வைத்துக் கணக்கிடும் எண்) சற்றே தாண்டும்படி நானே அமைத்துக்கொள்ள முடிகிறது. கையில் உதைப்பு மென்மையாக இருக்கிறது. அப்படி ஒரு தோட்டா கடையில் வாங்கினால் கட்டுப்படியாகாது.

வீட்டில் வைத்திருக்கும் அளவுக்கும் வரம்பு உண்டு. பல ஊர்கள் பின்பற்றும் தீத்தடுப்பு விதியின்படி பவுடர் 20 பவுண்டு வரை அதன் சொந்த டப்பாவிலேயே வைக்கலாம், ப்ரைமர் 10,000 வரை. டம்ளரை வீட்டுக்குள் ஓட்டாதீர்கள். சுட்ட ஓட்டின் தூசியில் ஈயம் இருக்கிறது, வீட்டில் குழந்தை இருந்தால் இன்னும் கவனம் தேவை. நான் வெளியே வைத்து ஓட்டுகிறேன், வேலை முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் கை கழுவுகிறேன்.

சுடும் ரேஞ்சில் பொறுக்கிய ஓடுகளைத் தட்டில் வைக்குமுன் பிரிப்பதற்கு நேரம் கொடுங்கள். 9 மி.மீ. குவியலில் .380 காலிபர் ஓடு கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும், இரண்டு மில்லிமீட்டர்தான் குட்டை. .40 ஓட்டுக்குள் 9 மி.மீ. செருகிக்கொண்டு வரும். .45 செய்பவர்களுக்கு இன்னும் மோசம், அதில் சின்ன ப்ரைமர் ஓடும் பெரிய ப்ரைமர் ஓடும் கலந்து வரும், சின்னக் குழியில் பெரிய ப்ரைமர் இறங்கப் பார்த்தால் அங்கேயே எல்லாம் நிற்கும். சில 9 மி.மீ. ஓடுகளின் உள்ளே படிபோல ஒரு விளிம்பு இருக்கும், அவற்றைத் தனியே எடுத்துப் போட்டுவிடுங்கள், அவை அடிப்பகுதியில் பிளந்து போகக்கூடியவை.

கடைசியாக, பழைய ப்ரெஸ்தான் வாங்குவேன் என்று இருப்பவர்களுக்கு. ப்ரைமரும் பவுடரும் இல்லாமல், உங்கள் காலிபர் ஓடும் குண்டும் நீங்களே எடுத்துப் போங்கள். விற்பவர் முன்னாலேயே பத்து ஓடுகளை எல்லா ஸ்டேஷனிலும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த இடத்திலேயே கிளம்பிவிடுங்கள்.