முந்திரியில் மென்தண்டு ஒட்டு: இந்தப் பருவத்தில் 84-இல் 63 பிடித்தன

நேற்று மாலை நிழல்வலைக்குள் பைகளை வரிசை வரிசையாக எண்ணி முடித்தேன். மென்தண்டு ஒட்டு என்பது, விதையிலிருந்து முளைத்த இளங்கன்றின் (இதுவே வேர்ச்செடி) தண்டைப் பிளந்து, அதில் நாம் விரும்பும் மரத்தின் கிளைநுனியை (இதுவே குச்சி) செருகிக் கட்டுவது. இந்தப் பருவத்தில் நான் கட்டிய 84 முந்திரி ஒட்டுகளில் 63 துளிர்த்து, இரண்டு மூன்று இலைகளை முழுதாக விரித்து நிற்கின்றன. சென்ற ஆண்டு கட்டிய 60-இல் பிழைத்தவை ஒன்பதுதான். வேர்ச்செடி வளர்த்த மண்ணும் விதை எடுத்த மரங்களும் கட்டிய கைகளும் அவையே. நான் மாற்றிக்கொண்டவை மூன்று: குச்சியைப் பதப்படுத்தும் நாள்கள், கத்தி, ஒட்டின் மேல் மாட்டும் பாலித்தீன் உறையைக் கழற்றும் நேரம். இவற்றுள் முதலாவதைப் பற்றித்தான் இங்கு நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

ஒட்டுக்கன்றை விலைக்கு வாங்காமல் நானே கட்டத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. பண்ருட்டிக்குத் தெற்கே செம்மண் மேட்டில் எங்கள் தோப்பு இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் அப்பா வளர்த்த விதை மரங்களில் பெரும்பாலானவை வேரோடு சாய்ந்தன. அடுத்த ஆண்டு விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஐந்து விருத்தாசலம்-3 ஒட்டுக்கன்றுகள் வாங்கி நட்டோம்; இன்று தோப்பில் கொட்டையைக் கையில் எடுத்தாலே கனம் தெரியும் மரங்கள் அந்த ஐந்தும்தான். பிற்பாடு அவசரத்துக்கு வேறொரு தனியார் நாற்றங்காலில் அதே ரகம் என்று சொல்லி வாங்கிய 50 கன்றுகளில் 19, ஒட்டு மேலே செத்து, அடியில் வேர்ச்செடி தழைத்து வந்தவை. மூன்றாம் ஆண்டு காய்த்தபோதுதான் அது தெரிந்தது. மூன்று ஆண்டு உழைப்பையும் தண்ணீரையும் இழந்த பிறகு, குச்சி எந்த மரத்திலிருந்து வருகிறது என்பதை என் கண்ணால் பார்க்காமல் இனி ஒரு கன்றும் நடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

பதியன் (மரத்திலிருக்கும் கிளையையே வேர்விடச் செய்து பிரிப்பது) போடலாமே என்று பலர் கேட்டார்கள். பதியன் கன்றுக்கு ஆணிவேர் கிடையாது. தானே போன்ற காற்றுக்கு எந்த மரமும் முழுதாக ஈடுகொடுக்காது என்றாலும், கடற்கரை மாவட்டத்தில் ஆணிவேரில்லாத மரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கார்த்திகையிலும் வானத்தைப் பார்த்துக் கொண்டிருக்க என்னால் முடியாது. மென்தண்டு ஒட்டில் விதைக்கன்றின் ஆணிவேர் அப்படியே நிற்கிறது. அதன்மேல் நாம் விரும்பிய மரத்தின் கிளை வளர்கிறது.

வேர்ச்செடி வளர்ப்பது இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்ததே என்பதால் விரைந்து கடக்கிறேன். அந்தப் பருவத்துக் கொட்டையை உப்புத்தண்ணீரில் போட்டு, மூழ்கியவற்றை மட்டும் ஒரு நாளுக்கு மேல் ஊறவைத்து, காம்புப் பக்கம் மேலே இருக்கும்படி ஊன்றினேன். முதல் தொகுதியை ஆனிக் கடைசியிலும் இரண்டாம் தொகுதியை ஆடி மூன்றாம் வாரத்திலும் விதைத்தேன். 45 முதல் 60 நாளுக்குள் தண்டு பென்சில் கனத்துக்கு வந்து, இன்னும் பசுமை மாறாமல் இருக்கும்போது கட்டிவிட வேண்டும். அதைத் தாண்டினால் தண்டு முற்றிவிடும்; ஆணிவேரும் பையின் அடியில் சுருளத் தொடங்கிவிடும்.

இனிக் குச்சி. முந்திரியில் குச்சியை மரத்திலிருந்து வெட்டி வந்தவுடன் கட்டினால் பிடிப்பது அரிது. வெட்டுவதற்கு ஏழு முதல் பத்து நாளுக்கு முன்பே, குச்சி மரத்தில் இருக்கும்போதே, இலைப்பரப்பை மட்டும் கத்தரித்துக் காம்புகளை விட்டுவைக்க வேண்டும் என்பது பாடத்தில் உள்ளதுதான். சென்ற ஆண்டு நான் இதை ஒரு சடங்காகச் செய்துவிட்டு, நான்காம் நாளே வெட்டிவிட்டேன். குச்சி பார்வைக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் உறைக்குள் போன ஒரே வாரத்தில் காம்புகள் அழுகி, அழுகல் மொட்டுக்கு ஏறி, நுனி கறுத்துவிட்டது. இந்த ஆண்டும் முதல் தொகுதியில் ஐந்தாம் நாளே வெட்ட நேர்ந்தது. அடுத்த நாள் மழை வரும் போலிருந்ததால் பொறுக்க முடியவில்லை. அந்த 24-இல் பிடித்தவை 12.

இரண்டாம் தொகுதிக்கு நாளை எண்ணுவதைக் கைவிட்டு, குச்சியைப் பார்த்து முடிவெடுத்தேன். சித்திரை, வைகாசியில் வெளிப்பக்கம் வெயில் படும் இடத்தில் கிளம்பிய, பூக்காத, நேரான கிளைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் சிவப்பு நூல் கட்டி இலைகளை நறுக்கினேன். தினமும் காலையில் போய் ஒரு காம்பை விரல் நுனியால் இலேசாகத் தள்ளிப் பார்ப்பேன். ஆறாம் நாள்வரை காம்பு விறைப்பாகவே நின்றது. ஏழாம் நாள் மஞ்சள் ஏறியது. எட்டாம் நாள் தொட்ட மாத்திரத்தில் காம்பு கழன்று விழுந்தது. விழுந்த இடத்தில் பால் கசியவில்லை. தழும்பு காய்ந்து, வெளிர்பழுப்பாக, தோல் மூடியதுபோல் இருந்தது. நுனி மொட்டு முதல் நாள் இருந்ததைவிடப் பருத்து, ஆனால் செதில் விரியாமல் மூடியிருந்தது. இந்த நிலைதான் வேண்டியது. இன்னும் இரண்டு நாள் விட்ட சில கிளைகளில் மொட்டு வெடித்துச் சிவந்த துளிர் எட்டிப் பார்த்துவிட்டது. அவற்றை நான் வெட்டவே இல்லை. குச்சியில் இருக்கும் சேமிப்பு, ஒட்டு கூடும் வரைக்கும் அதை உயிரோடு வைத்திருக்க வேண்டியது. மொட்டு முன்னதாக விரிந்தால் அந்தச் சேமிப்பு துளிருக்குச் செலவாகி, அடியில் இணைப்பு கூடும் முன்பே குச்சி வெறுமையாகிவிடும்.

ஆகவே இரண்டாம் தொகுதிக் குச்சிகளை ஒரே நாளில் வெட்டவில்லை. தயாரானவற்றை மட்டும் எட்டாம் நாளிலிருந்து பதினோராம் நாள்வரை நான்கு காலைகளில், வெயில் ஏறுமுன், விரற்கடை கணக்கில் நீளம் பார்த்து வெட்டி, ஈரத்துணியில் சுற்றிப் பாலித்தீன் பைக்குள் வைத்து, அன்று முற்பகலுக்குள் கட்டி முடித்தேன். அறுபதில் 51 பிடித்தன. மரங்கள் நாற்றங்காலுக்கு அருகிலேயே இருப்பது எனக்குக் கிடைத்த பெரிய வசதி. வெளியூரிலிருந்து குச்சி கொண்டுவருபவர்கள் தாய்மரத்துக்காரரிடம் காம்பு உதிரும் பக்குவத்தைத் தெளிவாகச் சொல்லிவைப்பது நல்லது. "ஒரு வாரம் ஆயிற்று" என்ற சொல்லை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

வெட்டில் நான் சென்ற ஆண்டு செய்த தவறு கத்தியில்தான் இருந்தது. இருபுறமும் சரிவாகத் தீட்டிய சாதாரணக் கத்தி, குச்சியின் அடியை ஆப்பாகச் செதுக்கும்போது நடுவில் குழிந்து வெட்டுகிறது. பார்வைக்குத் தெரியாத அந்தக் குழிவுதான் பிளவுக்குள் காற்று தங்கும் இடம். இம்முறை ஒரு பக்கம் மட்டும் சரிவுள்ள ஒட்டுக்கத்தி வாங்கி, மற்றப் பக்கத்தைச் சாணைக்கல்லில் முழுத் தட்டையாக்க ஒரு மாலை முழுவதும் செலவிட்டேன். நான்கைந்து செ.மீ. நீள ஆப்பை ஒவ்வொரு பக்கமும் ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். இரண்டாம் முறை திருத்தப் போனால் தட்டை கெடுகிறது. செதுக்கிய ஆப்பைக் கத்தியின் தட்டைப் பக்கத்தோடு ஒட்டிவைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பேன். இடையில் ஒளி கசிந்தால் அந்தக் குச்சியை ஒதுக்கிவிடுவேன். இப்படி ஒதுக்கியவை இருபதுக்குக் குறையாது. முந்திரிப் பால் கத்தியில் படிந்து கறுத்துப் பிசுபிசுக்கும். ஐந்து வெட்டுக்கு ஒருமுறை துடைக்காவிட்டால் எந்தக் கூர்மையும் பயன்படாது.

வேர்ச்செடியில் அடி இலைகள் இரண்டு இணையை விட்டு, ஒரு சாண் உயரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தண்டைத் துண்டித்து, நடுவில் பிளந்தேன். குச்சியும் தண்டும் ஒரே கனமாக அமைவது பாதிச் செடிகளில்தான் நடக்கிறது. அமையாதபோது குச்சியை நடுவில் நிறுத்தினால் இரு பக்கமும் பட்டை பட்டையைத் தொடாது. ஒரு பக்க ஓரத்துக்குத் தள்ளி, பட்டைக்கு அடியில் இருக்கும் பச்சைப் படலம் அந்த ஒரு பக்கமாவது முழு நீளத்துக்கும் சேரும்படி வைத்தேன். அப்படி வைத்தவையும் மற்றவற்றுக்குச் சமமாகவே பிடித்திருக்கின்றன.

நாடா கட்டுவதை எனக்குத் திருத்தியவர் நாற்றங்கால் வேலையில் பல ஆண்டு பழகிய எங்கள் ஊர் அக்கா ஒருவர். நான் மேலிருந்து கீழே சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "தம்பி, கீழேருந்து மேல சுத்துங்க, அப்பத்தான் தண்ணி உள்ள எறங்காது" என்றார். ஓட்டுவீட்டு ஓடுபோல ஒவ்வொரு சுற்றும் கீழ்ச் சுற்றின் மேல் ஏறி நிற்க வேண்டுமா, அல்லது உள்ளே போக வேண்டுமா என்று இரண்டு விதமாகவும் பரிசோதித்தேன். கீழிருந்து இறுக்கி ஏறும்போது ஆப்பு மேலே நழுவாமல் இருக்க இடது கட்டைவிரலால் மொட்டுக்குக் கீழே அழுத்திப் பிடிப்பதுதான் முக்கியம் என்று எனக்குப் பட்டது. முடிச்சைப் பிளவுக்கு மேலே போட்டேன்.

பொருள்கள் பற்றி ஒரு வார்த்தை. நாடாவுக்கு 100 கேஜ் (பாலித்தீனின் தடிமன் அளவு) மெல்லிய பாலித்தீன் வேண்டும். கடைகளில் எளிதில் கிடைப்பது கனமானது. அது இழுவைக்கு நீளாமல் முரண்டுபிடிக்கும். மூன்று கடை ஏறி இறங்கிய பிறகு மெல்லிய உறைச் சுருள் ஒன்று வாங்கி, இரண்டு செ.மீ. அகலத்தில் நானே நறுக்கிக்கொண்டேன். மேலுறைக்கு, பிள்ளைகள் உறிஞ்சிச் சாப்பிடும் குழாய் ஐஸ் அடைக்கும் நீண்ட உறையே அளவாக அமைந்தது. செடிப் பையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 300 கேஜுக்குக் குறைந்தது ஆறு மாத நீர்ப்பாய்ச்சலுக்குத் தாங்காமல் மடிப்பில் கிழிகிறது.

உறையைத் தண்ணீரில் நனைத்து மாட்டி, ஒட்டுக்குக் கீழே இலேசாகக் கட்டி, நிழலில் வைக்க வேண்டும். உள்ளே முத்து முத்தாக நீர் கோத்து நிற்பதைப் பார்த்தால் மனம் நிறையும். ஆனால் வெயில் ஒரு மணி நேரம் நேராகப் பட்டாலும் அதே நீர் குச்சியை வேகவைத்துவிடும். முதல் தொகுதியை வேப்பமர நிழலில் வைத்தேன். பிற்பகலில் மேற்கு ஓரத்து வரிசைக்கு வெயில் சாய்ந்து விழுவதை நான் கவனிக்கவில்லை. அந்த வரிசையில் எட்டில் ஆறு போயிற்று. அதே தொகுதியில் துளிரைப் பார்த்த மகிழ்ச்சியில் ஒன்பதாம் நாளே நண்பகலில் சில உறைகளைக் கழற்றினேன். மாலைக்குள் துளிர் தொங்கிவிட்டது. இரண்டாம் தொகுதியை நிழல்வலைக்கு மாற்றி, பதின்மூன்றாம் நாள் உறையின் மேல் நுனியை மட்டும் வெட்டித் திறந்து, இரண்டு நாள் கழித்து மாலை வேளையில் முழுதாக உருவினேன். ஒரு செடிகூட வாடவில்லை.

இதற்கிடையே அடுத்த வேலை ஒன்று மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. தானேவுக்குப் பிறகு விழுந்த கொட்டைகளிலிருந்து தாமாக முளைத்து, இன்று பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நிற்கும் விதை மரங்கள் தோப்பின் வடக்கு ஓரத்தில் ஏழு இருக்கின்றன. காய்ப்பு மிகக் குறைவு. இவற்றை இடுப்பளவில் அறுத்து, கிளம்பும் புதுக் கிளைகளில் விருத்தாசலம்-3 குச்சியை ஏற்றலாம். இருபது வயதைத் தாண்டிய மரத்தில் இது சரிவராது. இவை இன்னும் அந்த எல்லைக்குள் இருக்கின்றன. எனக்கு அச்சம் தண்டுத் துளைப்பானைப் பற்றித்தான். அறுத்த மரத்தின் அடியில் பட்டை வெடிப்பிலிருந்து மரத்தூள் கொட்டுவதைக் கண்டுபிடிப்பதற்குள் புழு பட்டைக்கடியில் சுற்றி அரித்து முடித்துவிடுகிறது. ஆகவே ஏழையும் ஒன்றாகத் தொடப்போவதில்லை. இரண்டு மரத்தை மட்டும் அறுத்து, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) பூசி, வாரம் ஒருமுறை அடிமரத்தைச் சுற்றிப் பார்ப்பதாகத் திட்டம்.

அது வருவதற்கு முன் 63 கன்றுகளையும் நடவுவரை கொண்டுபோயாக வேண்டும். மழை தொடங்கியதிலிருந்து ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடித் துளிர் நாளுக்கு நாள் கிளம்புகிறது. எனக்கு முன்பு விற்கப்பட்ட அந்த 19 கன்றுகள் கெட்டது இந்தத் துளிரைக் கிள்ளாமல் விட்டதால்தான் என்பதை இப்போது ஒவ்வொரு காலையும் நேரில் பார்க்கிறேன். புதுத் துளிரில் தேயிலைக் கொசு என்னும் சாறு உறிஞ்சும் பூச்சி குத்திய பழுப்புப் புள்ளிகள் நான்கு செடியில் தெரிந்தன. அவற்றைத் தனியே ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஆணிவேர் தரையில் இறங்காமலிருக்கப் பைகளைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுகிறேன். நடும்போது நாடாவை மறக்காமல் அறுத்தெடுக்க வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு பையிலும் பழைய சிவப்பு நூலையே கட்டியிருக்கிறேன். நாடா போன செடியில்தான் நூலும் போகும். ஒட்டு மண்ணுக்கு மேல் நிற்கும்படி 7 மீட்டர் இடைவெளியில் நட, குழிகளுக்கு இப்போதே முளை அடித்துவிட்டேன். மேற்கு வரிசையில் எட்டுக் குழிக்குச் செடி போதாது. அவற்றுக்காக நாளைக்கு மீண்டும் கொட்டையை உப்புத்தண்ணீரில் போடுகிறேன்.